வீட்டோடு மாப்பிள்ளை

செப்டம்பர் வரை இந்த ஈரப்புல்லை அறுக்காமல் இருக்க
நகரத்து அலுவலகம் எனக்குப் பணம் தருகிறது.
சும்மா இருப்பதற்குக் கூலி.
ஹர்கிட்டா மலைச்சரிவில் இதைச் சொன்னால்
மதுக்கடையில் சிரிப்பார்கள். சிரித்தார்கள்.

காரணம் ஒரு நீலப் பட்டாம்பூச்சி.
ஜென்ஷியன் மொட்டில் அது ஒட்டிவைக்கும்
உப்புக்கல் போன்ற முட்டைகளை
எனிக்கோதான் காட்டினாள்.
ஆராய்ச்சிக்காரி. எங்கள் மாடியறையில்
இரண்டு கோடையாகக் குடியிருப்பவள்.
பிளம் ஜாமை ஜாடியிலிருந்தே கரண்டியால் தின்பவள்.

பூவின் உள்ளைத் தின்று முடித்த புழு
ஒரு சாயங்காலம் பொத்தென்று கீழே விழுமாம்.
விழுந்த இடத்தைவிட்டு எங்கும் போகாதாம்.
சிவப்பெறும்பு ஒன்று வந்து முகர்ந்து,
ஐயோ நம் பிள்ளை வெளியே கிடக்கிறதே என்று
கவ்விக்கொண்டு ஓடுமாம்.

அவ்வளவுதான்.
பிறகு இருட்டு, ஊட்டல், தூக்கம்.
விருந்தும் மருந்தும் மூன்று நாள்;
இது பதினோரு மாதம். சிலது இருபத்துமூன்று.
பஞ்சம் வந்தால் எறும்புகள்
தம் குஞ்சையே கிழித்து இதற்கு ஊட்டும் என்று
எனிக்கோ சொன்ன இரவில்
பிரோஷ்கா ரொட்டி வெட்டுவதை நிறுத்தி
என்னைப் பார்த்தாள்.

நான் இந்த வீட்டுக்கு வந்தது ஒரு நவம்பரில்.
ஒரு தகரப்பெட்டி, ஓர் அரிவாள்.
கதவை ஒட்டிய மூலையில்
மாமியார் எனக்குத் தட்டு வைத்தார்.
முப்பத்தோரு வருடம் ஆகிறது.
தட்டு இன்னும் அங்கேயேதான்.

மே மாதம்
எனிக்கோ புற்றுக்குள் அரிசிமணி அளவு மைக்கை இறக்கி
என் காதில் கருவியை மாட்டினாள்.
எனக்கு இடக்காது கேட்காது. வலக்காதில்
சீப்பின் பல்லை நகத்தால் நெருடுவதுபோல் ஒரு சத்தம்.
ராணி, என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து அதே நெருடல்.
இது புழு, என்றாள். ராணியின் குரலில் பேசுகிறது.
எனக்கு வித்தியாசம் தெரியவில்லையே என்றேன்.
எறும்புக்கும்தான்.

நான் மேலே ஒன்றும் சொல்லவில்லை.
மாமியார் இறந்த குளிர்காலத்தில்
நான் கூப்பிட்டால் கோழிகள் வரமாட்டா.
ஒருநாள் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு
அவர் குரலில், அந்த மூக்கடைத்த குரலில், கூப்பிட்டேன்.
பதினாறும் ஓடிவந்தன.
இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

சமையலறைச் சன்னலில் ஒரு கண்ணாடிக் குவளை.
புற்றிலிருந்து எடுத்த ஒரே ஒரு கூட்டுப்புழு.
நீலம் வரும் என்று மூவரும் காத்திருந்தோம்.
பிரோஷ்கா பால் காய்ச்சும்போதுகூட
அதைத் தொட்டுவிடாமல் சுற்றி நடந்தாள்.
ஜூனில் ஒரு விடியலில் தலைப்பக்கம் விரிந்து
வெளியே வந்தது
ஒல்லியாக ஒரு கறுப்புக் குளவி.

எனிக்கோ கைதட்டினாள்!
பட்டாம்பூச்சியைவிட இது அபூர்வமாம்.
இதன் தாய் புற்றுவாசலில் நின்று
மோப்பத்திலேயே அறிவாளாம், உள்ளே புழு உண்டா என்று.
நுழைந்ததும் ஏதோ ஒரு வாசனையைத் தெளிக்க
அக்காளுக்குத் தங்கையைத் தெரியாமல் போய்
எறும்புகள் ஒன்றையொன்று கடித்துக் குதற,
அந்தக் களேபரத்தின் நடுவே
விருந்தாளிக்குள் ஒரு விருந்தாளியை வைத்துவிட்டு
நடந்தே வெளியேறுவாளாம்.

எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி, என்றாள் பிரோஷ்கா.
யார் குளவி என்று நான் கேட்கவில்லை.
சன்னலைத் திறந்தேன்.
அது புல்வெளிப் பக்கம் போனது.

செப்டம்பர் பதினெட்டு. எனிக்கோ ஊருக்குப் போய்விட்டாள்,
ஒரு மாத வாடகை பாக்கி.
அரிவாளைத் தீட்டி இறங்கினேன்.
ஜென்ஷியன் நின்ற இடங்களில்
கத்தியை ஒரு சாண் உயர்த்தி வீசினேன்.
அதற்குக் காசு தரவில்லை யாரும்.
இருட்டுகிற நேரம்
இளஞ்சிவப்பாய் எதையோ இழுத்துப்போகும் ஓர் எறும்பு.
அதன் சொந்தப் பிள்ளையாகவும் இருக்கலாம்.
கண்ணாடி கொண்டுபோகவில்லை.

வாசலில் காலைத் துடைத்தேன்.
இந்த வீட்டில் நான் மட்டும்தான் துடைப்பது.
பிரோஷ்கா கதவைப் பிடித்தபடி
என் சட்டைக் காலரை முகர்ந்தாள்.
புல், என்றாள்,
விலகி வழிவிட்டாள்.